மோட்டார் பழசுதான்... வேகம் எங்கே போச்சு?

உவரிக் கரையில் விடியற்காலை. இரவில் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. மணலில் வியாபாரிகள் கூடி நிற்கிறார்கள். ஏலக்காரர் குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டார். முதலில் வந்து சேரும் மீனுக்கு ஒரு விலை, கூட்டம் கலையும் நேரத்தில் வரும் மீனுக்கு இன்னொரு விலை. அதே கடல், அதே சாளை, அதே உழைப்பு. அரைமணி நேரம் பிந்தினால் கையில் கிடைக்கும் காசு குறைந்துவிடுகிறது.

அதனால்தான் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"மாமா, அவங்க பதினஞ்சு எச்.பி. மாட்டிட்டாங்க. நாம இந்த நைன் பாயின்ட் நைனை வச்சிக்கிட்டு எப்படி முந்த?"

"மோட்டாரை மாத்துறதுக்கு முன்னால படகைப் பாருடே."

மாமா சொல்வதில் விஷயம் இருக்கிறது. புது மோட்டார் வாங்க வட்டிக்குப் பணம் தேடும் முன், இருக்கிற மோட்டாரின் வேகம் எங்கெல்லாம் கசிகிறது என்று பார்த்தால் வீட்டுக்கு ஒரு கடன் குறையலாம்.

ஐஸ்கிரீமில் பிறந்த மோட்டார்

படகின் பின்பலகையில் கழற்றி மாட்டும் 'அவுட்போர்டு' மோட்டாருக்கு நூறு வயது தாண்டிவிட்டது. நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909-ல் அதை விற்பனைக்கேற்ற பொருளாக்கினார். அதற்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். காதலி கேட்டார் என்று ஏரியின் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் ஐஸ்கிரீம் வாங்கினாராம். திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டதாம்.

உவரிக்காரர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். இங்கேயும் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டுதான் இருக்கிறது.

தென்கோடிக் கரைகளில் மோட்டார் பரவியது 1980-களில். அதுவரை கட்டுமரத்துக்குப் பாயும் துடுப்பும்தான் வேகம். காற்று எந்தப் பக்கம், நீவாடு எந்தப் பக்கம் என்று பார்த்து ஓட்டிய காலம் அது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் பல இடங்களில் ஃபைபர் படகுகளுக்கு இடம் கொடுத்தன. கட்டுமரத்தை ஓட்டியவருக்கு மரத்தின் ஒவ்வொரு அசைவும் தெரியும். மோட்டார் வந்த பிறகு கைப்பிடியைத் திருகினால் போதும் என்று ஆகிவிட்டது. படகு மெதுவாகப் போனால் பழியும் மோட்டார் மேல்தான் விழுகிறது.

பெரிய மோட்டார் எவ்வளவு தரும்?

முதலில் ஒரு கணக்கு. வலை, ஐஸ், ஆட்கள், மீன் என்று பாரம் ஏற்றிய படகு தண்ணீரைப் பிளந்து, ஒதுக்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறது. அப்படிப் போகும் படகுக்கு இயல்பான ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரைத் தொடும் நீளம் 25 அடி என்றால், அந்த எல்லை சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒடுங்கிய, நீளமான படகு இன்னும் சற்றுக் கூடுதலாகப் போகும். ஆனால் அந்த எல்லையை நெருங்க நெருங்க, படகு தானே எழுப்பும் அலையின் மேல் ஏற வேண்டியிருக்கிறது. மேட்டில் சைக்கிள் மிதிக்கிற கதைதான்.

இந்த நிலையில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டவே சக்தி மிக அதிகமாக வேண்டும். தோராயமான விதி இது: வேகத்தை 10 சதவீதம் கூட்ட, சக்தியை ஏறக்குறைய 33 சதவீதம் கூட்ட வேண்டும்.

இதை வைத்து 9.9 எச்.பி.யிலிருந்து 15 எச்.பி.க்கு மாறுவதைப் பாருங்கள். சக்தி ஒன்றரை மடங்கு ஆகிறது. வேகமோ சுமார் 15 சதவீதம்தான் கூடுகிறது. மணிக்கு 12 கிலோமீட்டர் போன படகு 13.8 போகும். கரையிலிருந்து 12 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக 52 நிமிடத்தில் கடக்கலாம். மிச்சம் 8 நிமிடம். அந்த 8 நிமிடத்துக்காக ஒவ்வொரு முறையும் சுமார் 30 சதவீதம் கூடுதல் எரிபொருள் எரியும்.

ஏரியில் ஒருவர் இருவர் மட்டும் போகிற லேசான, அடி தட்டையான சிறு படகுக்கு இந்தக் கணக்கு வேறு. அது தண்ணீரின் மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கே கூடுதல் சக்தி நல்ல வேகம் தரும். பாரம் ஏற்றிய கடல் வள்ளத்திடம் அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

முதலில் பாரம்

கசிவைத் தேடுவதற்கு மெக்கானிக் தேவையில்லை. படகின் அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டுத் தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து குடம் தண்ணீர் தேங்கினால் ஓர் ஆளைச் சும்மா ஏற்றிச் செல்கிற மாதிரி. பழைய ஃபைபர் படகில் விரிசல் வழியாக உள்ளே இருக்கும் ஃபோமுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால், அந்தப் பாரம் கண்ணுக்கே தெரியாது. படகைக் கரையேற்றத் தள்ளும் ஆட்களுக்குத்தான் முதலில் தெரியும்: "இது வரவர கனக்குதே!"

அடுத்தது, பாரம் எங்கே இருக்கிறது என்பது. பின்பக்கம் மோட்டார், எரிபொருள் டேங்க், ஓட்டுபவர். ஐஸ் பெட்டியும் அங்கேயே என்றால் பின்பக்கம் அமுங்கி, அணியம் வானத்தைப் பார்க்கும். எல்லாவற்றையும் முன்னால் தள்ளினால் அணியம் தண்ணீரை உழும். பெட்டியை இரண்டடி நகர்த்திப் பார்க்க ஒரு பைசா செலவில்லை.

மூன்றாவது, அடிப்பகுதி. துறைமுகத்தில் தண்ணீரிலேயே நிற்கும் படகில் பாசியும் சிப்பி போன்றவையும் ஒட்டிக்கொள்ளும். மணலில் ஏற்றிவைக்கிற படகில் அது குறைவு. ஆனால் மணலில் இழுக்க இழுக்க அடியில் கீறலும் பள்ளமும் விழும். சுத்தம் செய்து, பள்ளத்தை அடைத்து, வழவழப்பாக்கினால் தண்ணீரின் பிடி குறையும்.

மோட்டாரின் உயரமும் சாய்வும்

புரொப்பல்லருக்கு மேலே, மோட்டாரின் காலில் ஒரு தட்டையான தகடு இருக்கும். படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலத்துக்குள் கீழேயோ அந்தத் தகடு இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. மோட்டார் அதிகம் கீழே இறங்கினால் அதன் கால் தண்ணீரைத் தடுத்து வேகத்தைத் தின்னும். அதிகம் மேலே ஏறினால் புரொப்பல்லர் காற்றை இழுக்கும். மோட்டார் அலறும், படகு நகராது. பின்பலகை பழுதாகிப் பலகை மாற்றிய படகுகளில் இந்த அளவு தவறுவது எளிது. ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பார்ப்பது நல்லது.

சாய்வும் அப்படித்தான். மோட்டாரின் தாங்கியில் ஒரு பின்னை ஒவ்வோர் ஓட்டையாக மாற்றிப் போட வசதி இருக்கும். மோட்டாரின் கால் படகை ஒட்டி உள்ளே இருந்தால் அணியம் அமுங்கும், வெளியே தள்ளினால் அணியம் தூக்கும். வழக்கமான பாரத்தோடு ஓடும்போது புரொப்பல்லர் தண்டு தண்ணீர் மட்டத்துக்கு இணையாக இருப்பதுதான் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து ஓர் ஓட்டை முன்னே, ஓர் ஓட்டை பின்னே போட்டுப் பார்க்கலாம்.

மாஞ்சோலை பஸ்ஸும் புரொப்பல்லரும்

வேகம் அதிகம் தொலைகிற இடம் புரொப்பல்லர். அதன் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று விட்டம், இன்னொன்று பிட்ச். பிட்ச் 9 அங்குலம் என்றால், மரத்தில் திருகாணி இறங்குவது போல ஒரு சுற்றுக்கு 9 அங்குலம் முன்னேற வேண்டும் என்று பொருள். தண்ணீர் மரமல்ல, வழுக்கும். அதனால் உண்மையில் முன்னேறுவது அதைவிடக் குறைவு.

'பெரிய பிட்ச் போட்டால் வேகம் கூடும்' என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ்ஸை டாப் கியரில் ஏற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? இன்ஜின் முக்கும், திணறும், நின்றுவிடும். பாரம் ஏற்றிய வள்ளத்துக்குப் பெரிய பிட்ச் அப்படித்தான்.

சிறிய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றில், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்று வரை ஓட வேண்டும் என்று கையேடு சொல்லும். அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை என்றால் பிட்ச் அதிகம். அதைத் தாண்டிப் பறந்தால் பிட்ச் குறைவு. பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும். ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிவைக்கும் சிறிய டாக்கோமீட்டர் ஒன்று இருந்தால் ஊகம் வேண்டாம்.

உவரி போன்ற மணல் கரையில் இன்னொரு தொல்லை. அலையில் இறங்கும்போதும் ஏறும்போதும் இறக்கைகள் மணலில் உரசும். ஓரம் மழுங்கும், முனை வளையும். ஓர் இறக்கை வளைந்தாலே வேகமும் போகும், அதிர்வும் வரும். அதே மணல் குளிர்விக்கும் தண்ணீர் பம்பையும் தேய்க்கும். மோட்டாரின் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே பம்பைப் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

'ஆயிலைக் குறைத்தால் மோட்டார் பறக்கும்' என்பார்கள். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கு உயிர். மண்ணெண்ணெயில் ஓட்டும்போது கலவை மாறும். கையேட்டில் உள்ள அளவுதான் அளவு. மண்ணெண்ணெயில் கரி அதிகம் படியும் என்பதால் பிளக்கை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்வதும், நிறுத்தும் முன் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டுவதும் பழக்கமாக இருக்கட்டும்.

கார்புரேட்டரை மாற்றியோ, தடுப்பை நீக்கியோ சிறிய மோட்டாரைப் பெரியதாக்கும் வேலையும் கரைகளில் நடக்கிறது. வாரண்டி போகும். பதிவில் ஒரு சக்தி, படகில் ஒரு சக்தி என்று காகிதச் சிக்கல் வரும். 9.9-ஐத் தாங்கக் கட்டிய பின்பலகை அதைத் தாங்குமா என்பதும் கேள்வி.

போனிலேயே ஒரு சோதனை

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பலன் இருந்ததா என்று தெரிய, கையிலிருக்கும் போன் போதும். ஜி.பி.எஸ். வேகம் காட்டும் செயலிக்கு டவர் சிக்னல் தேவையில்லை. போனைத் தண்ணீர் படாத உறையில் போட்டு, ஒரே பாரத்தோடு ஒரு திசையில் சில நிமிடம் ஓட்டி வேகத்தைக் குறியுங்கள். பிறகு அதே கோட்டில் எதிர்த்திசையில் ஓட்டிக் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் உண்மையான வேகம். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் நீவாடு தரும் வேகத்தையும் மோட்டாரின் கணக்கில் சேர்த்துவிடுவோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். இல்லையென்றால் எது உதவியது என்று தெரியாது.

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு, சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சிக்கனம் பற்றி 2012-ல் ஒரு கையேடு வெளியிட்டது. சரியான புரொப்பல்லர், சுத்தமான அடிப்பகுதி இரண்டையும் அதுவும் வலியுறுத்துகிறது. அதோடு, கொஞ்சம் மெதுவாகப் போகவும் சொல்கிறது. போகும்போது ஏலம் இல்லையே! போகிற பயணத்தில் கைப்பிடியைச் சற்றுத் தளர்த்தி மிச்சப்படுத்திய எரிபொருளை, திரும்பும் வழியில் செலவழிக்கலாம்.

கயிறு எங்கே?

வேகம் பற்றிப் பேசும்போது 2017 நவம்பர் 30-ஐ மறக்க முடியாது. அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தது. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் வீடு திரும்பவில்லை. மணிக்கு 12 கிலோமீட்டர் போகும் படகை 14 ஆக்கினாலும் புயலை முந்த முடியாது. இறங்கும் முன் வானிலை எச்சரிக்கையைப் பார்ப்பதுதான் அங்கே உதவும்.

இன்னொன்று, மோட்டாரோடு வரும் சிறிய சிவப்புக் கயிறு. ஒரு முனை மோட்டாரின் ஸ்விட்சில், மறுமுனை ஓட்டுபவரின் கையில். அலை தூக்கியடித்து அவர் கடலில் விழுந்தால் கயிறு இழுபட்டு மோட்டார் நின்றுவிடும். கயிறு இல்லையென்றால் ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வரும், விழுந்தவர் மேலேயே ஏறும். தனியாகப் போனவர் என்றால், படகு அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

பல படகுகளில் அந்தக் கயிறு கைப்பிடியில் சும்மா சுற்றிக் கிடக்கிறது. படகின் வேகம் கூடக் கூட, விழுகிற ஆபத்தும் கூடும். புரொப்பல்லரை மாற்றுகிற அன்றே கயிற்றைக் கையில் மாட்டுகிற பழக்கமும் தொடங்கட்டும். ஏலத்துக்கு அரைமணி முன்னால் வந்தால் நல்ல விலை கிடைக்கும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கோ, எத்தனை மணிக்கு வந்தாலும் ஆள் வந்து சேர்ந்தால் போதும்.