ராஜா எந்தக் காலேஜில் படித்தார்?

மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டிப் பக்கம் பிளஸ் டூ முடித்த பையன் ஒருவன் “சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கப் போறேன்” என்று வீட்டில் வாயெடுத்தால் போதும். பெரியப்பாவிலிருந்து டீக்கடை பெஞ்சு வரைக்கும் ஒரே கேள்விதான் வரும்: “ஏன்டா, இளையராஜா எந்தக் காலேஜில படிச்சாரு?” கேட்டவர் மீசையைத் தடவிக்கொள்வார், பையன் வாயடைத்து நிற்பான். விவரம் தெரிந்தவர்களும் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். இசை பிறவியிலேயே வருவதாம். ஒரு லேப்டாப்பும் யூடியூபும் இருந்தால் மிச்சம் தானாக வந்துவிடுமாம். கிராமத்துப் பிள்ளைகளை இந்தப் பேச்சு கெடுத்த அளவுக்கு வறுமைகூடக் கெடுத்திருக்காது.

முதலில் ராஜாவின் கதையை ஒழுங்காகப் பார்ப்போம். பதினாலு வயது தொட்டு அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராக வாசித்துத் திரிந்தவர் அவர். 1968-இல் சென்னைக்கு வந்த பிறகு, மயிலாப்பூர் சாயி லாட்ஜில் தன்ராஜ் மாஸ்டரின் அறையில் உட்கார்ந்து மேற்கத்திய இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வை எழுதித் தேறினார். இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அவர் இசையமைத்த முதல் படம் ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். நடுவே எட்டு வருஷம் ஓடியிருக்கிறது. எட்டு வருஷத்தில் ஒருவர் டாக்டருக்கே படித்து முடித்துவிடலாம். ரஹ்மானும் அதே தன்ராஜ் மாஸ்டரிடம் போனவர்தான். இதையெல்லாம் படிப்பு என்று ஒத்துக்கொள்ளாதவருக்கு, பி.காம். மட்டும்தான் படிப்போ என்னவோ. ‘படிக்காத மேதைகள்’ என்று நாம் கொண்டாடும் இந்த இருவரில் ரஹ்மான் 2008-இல் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். இளையராஜாவின் பெயரில் 2024-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இசை கற்பதற்கும் ஆராய்வதற்கும் ஒரு மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, நாட்டியவர் அவரே. படிப்பு வீண் என்று நினைக்கிறவர்கள் பள்ளிக்கூடம் கட்டுவார்களா?

இதைவிட முக்கியமான ஒன்றை நம் ஆட்கள் பேசுவதே இல்லை. அன்றைய கோடம்பாக்கமே ஒரு கல்லூரியாக இருந்தது. ஐம்பது அறுபது வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசிப்பார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். அவருக்குப் பக்கத்தில் மைக்கைத் தூக்கி வைக்கவும் கேபிள் சுற்றவும் நாலு உதவியாளர்கள். அந்த உதவியாளன் பத்து வருஷத்தில் ஒலிப்பதிவாளராவான். கம்ப்யூட்டர் வந்தது, கூடம் சுருங்கி ஒற்றை அறையானது, ஐம்பது பேர் வாசித்ததை ஒரு கீபோர்டு வாசிக்கிறது. உதவியாளனுக்கு அங்கே நிற்கவே இடமில்லை. அப்பா சினிமாவில் இருந்தால், மாமா வடபழனியில் ஸ்டுடியோ வைத்திருந்தால் இன்றைக்கும் வீட்டிலேயே கற்கலாம். ரஹ்மான் வீட்டில் அப்பா சேகர் விட்டுப்போன வாத்தியங்கள் இருந்தன. கொட்டாம்பட்டிப் பையன் வீட்டில் என்ன இருக்கிறது? ‘திறமை போதும்’ என்பது ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்கள் சொல்லிக்கொள்ளும் வசதி. வெளியே நிற்கிறவனுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு வாசல் கிடையாது.

யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். நம் பக்கத்தில் புதிதாக முளைக்கும் ‘ஸ்டுடியோ’ எதிலாவது நுழைந்து பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, சுவர் முழுக்க முட்டை அட்டை. அந்த அட்டை மேல்ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். பேஸ் அதைச் சட்டை செய்யாது. நீளமும் அகலமும் பத்தடியாக இருக்கும் அறையில் 56 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி திரண்டு நிற்கும். சுவரோரம் உட்கார்ந்து கேட்டால் பேஸ் முட்டும். அறை நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். நடுவில் உட்கார்ந்தவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றுவார். திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர் அந்தப் பதிவைப் போட்டதும் ஊரே அதிரும். பாட்டு ஒரு வார்த்தை புரியாது. இத்தனைக்கும் கொட்டாம்பட்டியைச் சுற்றித் தென்னைநார்த் தொழில் நடக்கிற ஊர்கள். நாரை நாலைந்து அங்குலத் தடிமனில் அடைத்து, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினாலே முட்டை அட்டையைவிட எவ்வளவோ தேவலை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நையாண்டி மேளத்தைப் பதிவு செய்வது இன்னும் பெரிய கூத்து. நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசுக்கு நேரே மைக்கை வைப்பார்கள். ஒலியில் பெரும்பங்கு விரல் துளைகள் வழியாக வெளியே வருகிறது. அணசு வாயில் கிடைப்பது காதைக் குடையும் கீச்சுதான். உறுமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கும்போது வரும் அந்த அடிக்குரலை செல்போனின் சின்ன ஸ்பீக்கர் எடுக்காது. அந்தக் குரலின் மேற்சுரங்களைத் தூக்கிக் கொடுத்தால்தான் போனில் உறுமி உறுமும். யூடியூபில் டிரம் செட்டுக்கு மைக் வைக்க ஆயிரம் வீடியோ உண்டு. நம் உறுமிக்கு எத்தனை என்று தேடிப் பாருங்கள். அடிப்படைத் தத்துவத்தை முறையாகப் படித்தவன் எந்த வாத்தியத்துக்கும் தானே வழி கண்டுபிடிப்பான். வீடியோ பார்த்து மனப்பாடம் செய்தவன் டிரம் செட்டோடு நின்றுவிடுவான். அவன் வேலையைக் கேட்டுவிட்டு “இது தப்பு” என்று சொல்லவும் வீடியோவுக்கு வாயில்லை.

காசு விஷயத்துக்கு வருவோம். கருப்பசாமி பாட்டு எழுதி மெட்டுப்போட்டவர்கள் எத்தனையோ பேர், கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு, அதைக் கம்பெனிக்கு விட்டுத்தருகிறேன் என்று எழுதி வாங்கினாலும் செல்லாது என்று 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்தியாகிவிட்டது. பிறவி ஞானத்தில் இது வராது. யாராவது பாடமாக எடுத்தால்தான் தெரியும்.

எதிர்க்கட்சிக்காரர்கள் பேச்சில் நியாயம் உள்ள இடம் ஒன்று உண்டு. சான்றிதழை எந்த ஸ்டுடியோவும் கேட்பதில்லை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் சாஃப்ட்வேரில் பட்டனை அமுக்கச் சொல்லிக்கொடுத்து, பளபளப்பான காகிதம் ஒன்றை நீட்டும் கடைகளை நானும் படிப்பு என்று சொல்லமாட்டேன். அப்பா நிலத்தை அடகு வைத்து அங்கே பணம் கட்டுவது மகா பாவம். ஆனால் போலி டாக்டர் இருக்கிறான் என்பதற்காக மருத்துவக் கல்லூரியை யாரும் மூடச் சொல்வதில்லையே. கொல்லம் மாவட்டத்துக் கிராமத்துப் பையன் ரசூல் பூக்குட்டி, புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்துத்தான் 2009-இல் ஆஸ்கர் மேடை ஏறினார். தரமணியில் நம் அரசின் திரைப்படக் கல்லூரியும் ஒலிப்பதிவுக்கென்றே தனிப் படிப்பு நடத்துகிறது. அந்தக் கல்லூரியின் வேர் 1945-க்குப் போகிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் இதை எந்த வாத்தியாராவது பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாரா?

மதுரை பசுமலையில் 1979-இலிருந்து அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் தவிலும் அங்கே பாடம். அதே வளாகத்தில் ஒலிப்பதிவும் பட்டயப் படிப்பாக வரவேண்டும். சனி ஞாயிறுகளில் மேளக்காரர்களும் மைக் செட் தொழிலாளர்களும் வந்து படிக்க வகை செய்ய வேண்டும். மேலூர்த் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதுவரைக்கும் தனியார் இடம் எதிலாவது பிள்ளையைச் சேர்க்கப் போனால், பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: “எங்க ஊரு தவிலையும் உறுமியையும் கொண்டாந்தா, பதிவு பண்ணக் கத்துக் கொடுப்பீங்களா?” ஆசிரியர் விழித்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுங்கள். “கொண்டாங்க” என்று சொன்னால் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்.