ஹோர்முஸை மூடச் சொல்லிக் கைதட்டும் நம்மவர்களுக்கு

2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. ஹோர்முஸ் நீரிணையை மூடுவதற்கு ஈரான் பாராளுமன்றம் ஆதரவளித்தது என்ற செய்தி வந்ததும் நமது வட்ஸ்அப் குழுமங்கள் எப்படி இருந்தன என்று ஞாபகம் இருக்கிறதுதானே? "மூடட்டும், அமெரிக்கா மண்டியிடும்" என்று பதிவுக்கு மேல் பதிவு. வரைபடத்தில் சிவப்புக் கோடு. கீழே வரிசையாகத் தக்பீர். இரண்டு நாளில் யுத்த நிறுத்தம் வந்தது. நீரிணை திறந்தே இருந்தது. நம்மவர்களில் பலருக்கு அது ஏமாற்றமாகப் போய்விட்டது. அந்த ஏமாற்றத்தோடுதான் நமக்குப் பிரச்சினை.

காஸாவைப் பார்த்து வரும் கோபம் நியாயமானது. அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி இதை எழுதவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த நீரிணையை மூடினால் யாருடைய கழுத்து இறுகும்?

ஹோர்முஸின் மிக ஒடுங்கிய இடம் சுமார் 33 கிலோமீற்றர். 2024இல் அதனூடாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது. உலகம் பாவிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் மசகு எண்ணெயை மட்டும் எடுத்தால் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வந்து சேர்வது ஆசியாவுக்கு. சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியா என்று நீளும் அந்தப் பட்டியலில் அமெரிக்கா கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. சவூதிக்காவது செங்கடல் பக்கம் யன்புவுக்குக் குழாய் இருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு புஜைரா இருக்கிறது. குவைத்துக்கும் கட்டாருக்கும் வேறு வாசல் இல்லை. ஈரானின் எண்ணெயும் அந்த வழியால்தான் போகிறது.

அந்த நாடுகளில்தான் நமது வாப்பாமாரும் நானாமாரும் தாத்தாமாரும் வேலை செய்கிறார்கள். 2024இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இலங்கைக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் அதிகம். அதில் பெரும் பங்கு வளைகுடாவின் வியர்வை. நமது தேயிலையை அதிகம் வாங்குவதும் ஈராக், ஐக்கிய அரபு இராச்சியம், ஈரான் போன்ற நாடுகள்தான். ஈரானுக்குத் தரவேண்டிய 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனையே தேயிலை கொடுத்துத்தான் அடைக்கிறோம். நீரிணை மூடினால் ஹட்டனில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியும் அதில் மாட்டிக்கொள்ளும்.

2022ஐ மறந்துவிட்டோமா? பெற்றோல் லீற்றர் 470 ரூபா. செட்டுக்கு முன்னால் இரண்டு நாள், மூன்று நாள் கியூ. கியூவிலேயே மௌத்தான வயோதிபர்கள் இருந்தார்கள். பாடசாலைகளைப் பூட்டினார்கள். அன்று ஹோர்முஸ் திறந்தேதான் இருந்தது. நம்மிடம் டொலர்தான் இல்லை. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறும்போது பணக்கார நாடு கூடக் கொடுத்து வாங்கும். நம்மைப் போன்ற நாடு கியூவில் நிற்கும்.

"செங்கடலில் ஹூதிகள் தடுத்தார்களே, இஸ்ரேலின் ஈலாத் துறைமுகம் முடங்கியதே" என்று சொல்வார்கள். முடங்கியது உண்மை. ஆனால் இஸ்ரேலின் பெரிய துறைமுகங்களான ஹைபாவும் அஷ்தோதும் மத்தியதரைக் கடலில் இருக்கின்றன. செங்கடல் அடைபட்டபோது அதிகம் இழந்தது எகிப்து. சுயஸ் கால்வாய் வருமானம் 2023இல் 1,025 கோடி டொலர், 2024இல் 400 கோடிக்கும் கீழே. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல் பயணம். யுத்த ஆபத்துக் காப்புறுதிக் கட்டணம் ஒரு கட்டத்தில் கப்பலின் பெறுமதியில் 1 வீதத்தை நெருங்கியது. அந்தச் செலவைக் கப்பல் கம்பனி சுமக்கவில்லை. மேர்ஸ்க் கம்பனியின் இலாபம் 2024இல் முந்திய வருடத்தை விடக் கூடியது.

2024 மார்ச்சில் ட்ரூ கொன்ஃபிடன்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்தபோது இறந்தவர்கள் இரண்டு பிலிப்பைன்ஸ்காரர்கள், ஒரு வியட்நாம்காரர். அதே கப்பலில் காவலுக்கு இரண்டு இலங்கையரும் இருந்தார்கள். குடும்பத்துக்குச் சோறு போடக் கடலுக்குப் போன ஏழைகள். இதற்கா கைதட்டுவது?

உண்மையில் இஸ்ரேலுக்கு எண்ணெய் எந்த வழியால் போகிறது என்று தேடிப் பார்த்தோமா? அதில் பெரும் பங்கு அஸர்பைஜானிலிருந்து ஜோர்ஜியா வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்குக் குழாயில் வந்து, அங்கிருந்து கப்பலேறுகிறது. 2024 மே மாதம் இஸ்ரேலுடனான வர்த்தகத்தை நிறுத்துவதாகத் துருக்கி அறிவித்தது. அந்தக் குழாய் மட்டும் நிற்கவில்லை. குழாயின் இரண்டு முனையிலும் முஸ்லிம் நாடுகள். அதைப் பற்றி நமது குழுமங்களில் எத்தனை பதிவுகள் வந்தன?

1973ஐ உதாரணம் காட்டுவோரும் இருக்கிறார்கள். அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தன. பீப்பாய் 3 டொலரிலிருந்து 12 டொலர் வரை போனது. 1974 மார்ச்சில் அமெரிக்கா மீதான தடை நீங்கியது. காஸாவும் மேற்குக் கரையும் ஆக்கிரமிப்பில்தான் இருந்தன. இலங்கையில் அந்தக் காலம் பாணுக்குக் கியூவில் நின்றதையும் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டதையும் வீட்டிலுள்ள மூத்தம்மாமாரிடம் கேளுங்கள். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. எண்ணெய் விலையும் ஒரு காரணம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு "அப்படியானால் அமெரிக்கக் கடற்படை செங்கடலுக்கு வந்தது சரிதானே" என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். சுதந்திரக் கடற்பயணம் என்று பாடம் எடுக்கும் நாடுகளின் யோக்கியதையை 1956இல் சுயஸிலும் 2003இல் ஈராக்கிலும் பார்த்தோம். நமது நாடும் சும்மா இருக்கவில்லை. செங்கடலுக்கு நாமும் கப்பல் அனுப்புவோம் என்று 2024 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சொன்னார். இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்றும் அவரே சொன்னார். கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாட்டின் 25 கோடி!

யுத்தக் கப்பல்களால் செய்ய முடியாததை எது செய்தது? 2025 ஜனவரி 19ஆம் திகதி காஸாவில் யுத்த நிறுத்தம் தொடங்கியது. இஸ்ரேலியக் கப்பல்களைத் தவிர மற்றவற்றைத் தாக்குவதில்லை என்று ஹூதிகள் அறிவித்தார்கள். 22ஆம் திகதி கெலக்ஸி லீடர் கப்பலின் 25 மாலுமிகளும் 14 மாதச் சிறைக்குப் பிறகு விடுதலையானார்கள். மார்ச் 2ஆம் திகதி இஸ்ரேல் காஸாவுக்கான உணவையும் மருந்தையும் மறித்தது. சில நாட்களில் கடலிலும் பழைய மிரட்டல் திரும்பி வந்தது. 2025 ஜூனிலும் அதே கதைதான். சண்டை நடந்தபோது பீப்பாய் 80 டொலர் வரை போனது. நிறுத்தம் என்றதும் 70க்குக் கீழே இறங்கியது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது நீரிணை மூடுவதை இல்லை. காஸாவில் நிரந்தர யுத்த நிறுத்தத்தைக் கேட்போம். உணவு லொறிகளுக்கு எல்லைகளைத் திறக்கக் கேட்போம். ஜெய்ஹானிலிருந்து போகும் எண்ணெயைப் பற்றி அங்காராவிடமும் பாகூவிடமும் கேட்போம். நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இதைச் சபையில் பேசச் சொல்வோம். ஜும்ஆ முடிந்து பதாகை பிடிக்கும்போது இதையே எழுதிப் பிடிப்போம்.

திட்டுவதற்கு இருப்பவர்கள் கீழே திட்டலாம். ஆனால் அதற்கு முதலில், வளைகுடாவில் வேலை செய்யும் உங்கள் வீட்டு ஆளுக்கு ஒரு கோல் எடுத்து, ஹோர்முஸை மூடுவது நல்லதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.