பற்றவைப்பும் ‘மரபறிவு’ என்னும் மயக்கமும்

அண்மையில் ஒரு கருத்தரங்கில் ஒளிப்படம் ஒன்றைத் திரையிட்டனர். குடகு மாவட்டத்துத் தோட்ட வீடொன்றில், பழைய துப்பாக்கியின் தேய்ந்த உறுப்பொன்றை வீட்டிலேயே வெல்டிங் வைத்து நிரப்பியிருந்தார்கள். ‘நாட்டார் தொழில்நுட்பத்தின் எதிர்க்குரல்’ என்றார் உரையாளர். அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

படத்தில் இருந்தது, விசையை இழுக்கும்வரை சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் சிறிய பல். அதன் பிடிப்பு மிக நுண்ணிய அளவினது. அதன் உறுதியோ வடிவத்தில் மட்டும் இல்லை. காய்ச்சிய எஃகை எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்திக் கடினமாக்கும் தோய்ச்சலில் இருக்கிறது. வெல்டிங்கில் எஃகு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசில் உருகுகிறது. உருகிய இடத்தைச் சுற்றித் தோய்ச்சல் கலைந்து எஃகு மென்மையாகலாம். விரைவாக ஆறினால் நொறுங்கும் இயல்பையும் பெறலாம். அரத்தால் ராவி மெருகிட்ட பின் இரண்டுமே கண்ணுக்குத் தெரியா. சுவரில் சாத்திய துப்பாக்கி ஒருநாள் சரிந்து விழுகையில், எவரும் விசையைத் தொடாமலே அது வெடிக்கக்கூடும்.

உலைக்களத்துக் கொல்லர் சூட்டை இரும்பின் நிறத்தால் அறிவார். எங்கே நிறுத்துவது என்பதையும் அறிவார். மரபறிவு அது. அந்த அறிவைத் தாண்டிச் செல்லும் அவசரத்திற்கு நாம் ஏன் அதே பெயரைச் சூட்டுகிறோம்?

வீட்டுக்காரரை நான் பழிக்கவில்லை. குடகர்களும் ஜம்மா நில உரிமையாளர்களும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாம். அவ்விலக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது. கைல் முகூர்த்தத்தன்று துப்பாக்கிக்குச் செங்காந்தள் சூட்டி வணங்குகிறார்கள். அம்மலருக்கே அவர்கள் மொழியில் ‘தோக் பூ’, துப்பாக்கிப் பூ, என்று பெயர். ஆனால் விலக்கு வைத்திருப்பதற்குத்தான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவில் உற்பத்தி, விற்பனை, பழுதுநீக்கல் எல்லாவற்றையும் காற்புள்ளியிட்டு ஒரே வரிசையில் அடுக்குகிறது. மொழியியல் மாணவர் எவரும் அக்காற்புள்ளிகளைக் கண்டு திடுக்கிடுவர்: கள்ளத் துப்பாக்கி செய்பவரும் உரிமமின்றித் தேய்ந்த பல்லைச் சீராக்கும் கொல்லரும் ஒரே வாக்கியத்தில் ஒரே குற்றவாளிகள். 2019 திருத்தத்திற்குப் பின் குறைந்த தண்டனை 7 ஆண்டு, உச்சம் ஆயுள். தேர்ந்த கொல்லர் எப்படித் துணிந்து கைவைப்பார்? வேலை கொல்லைப்புறத்து வெல்டிங் எந்திரத்திற்குப் போகிறது.

பழுதுநீக்கலை அந்த வரிசையிலிருந்து பிரித்து, தேர்வு வைத்து, கொல்லர்க்குத் தனி உரிமம் வழங்கக் கேட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அடுத்த கருத்தரங்கிற்கு உரையாளர் அப்படத்தோடு அந்தப் பல்லின் கடினத்தன்மைச் சோதனை முடிவையும் கொண்டுவரட்டும். பொருளறிவியல் துறை அவர் துறைக்கு எதிர்க் கட்டடத்தில்தான் இருக்கிறது.