நுரைக்குக் கூடு வேண்டும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2023-இல் இயற்றிய சட்டப்படி, 2024 ஜூன் முதல் கூடில்லாத நுரைக் கட்டைகளை மிதவைத் துறைகளுக்காக அங்கே விற்கவோ பொருத்தவோ முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2021-லேயே இதே போன்ற சட்டத்தை நிறைவேற்றியது. இவற்றை 'நுரைக்குத் தடை' என்று புரிந்துகொண்ட வாசகர்கள் சிலர், இனி வெற்றுப் பெட்டிதான் வழியா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அப்படியில்லை. நுரையை உள்ளே வைத்து மூடு என்பதுதான் சட்டம் சொல்வது. இவ்விதழ் அதை முழுமனதோடு வரவேற்கிறது.

வெற்றுப் பெட்டியின் பலவீனத்தை வாஷிங்டன்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1940-இல் திறக்கப்பட்ட லேசி முரோ மிதவைப் பாலத்தின் ஒரு பகுதி, 1990 நவம்பரில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது ஏரிக்குள் போனது. பான்டூன்களின் திறப்புகள் மூடப்படாமல் இருந்தன. புயலில் மழைநீரும் ஏரிநீரும் உள்ளே புகுந்தன. உள்ளே நுரை இருந்தால் நீர் புக இடமில்லை. சுவரில் விரிசல் விழுந்தாலும் ஃப்ரீபோர்டு பெரிதாகக் குறையாது. நுரைக்கரு வைத்த கான்கிரீட் பான்டூனும், நுரை நிரப்பிய ரோட்டோமோல்டு பாலிஎத்திலின் மிதவையும் நிலைத்தது இதனால்தான்.

எண்ணெய் டிரம்களைக் கட்டி மிதக்கவிட்ட காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நீர்க்கோட்டில் துரு ஏறி, ஒரு துளை விழுந்ததும் டிரம் அமிழும். அடுத்து வந்தது வெறும் இபிஎஸ் (தெர்மாகோல்) கட்டை: மலிவு, லேசு, வெட்டவும் எளிது. மூன்றாம் படிதான் கூடு. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, தன் ஏரிகளில் புதிதாகப் போடும் துறைகளுக்கு உலோக டிரம்மை ஏற்பதில்லை. மணி நுரை என்றால் குறைந்தது கன அடிக்கு 1 பவுண்டு அடர்த்தி வேண்டும், பாதுகாப்பு உறையும் வேண்டும். அந்த உறைக்கு 8 ஆண்டு உத்தரவாதமும் கேட்கிறது. ரோட்டோமோல்டு மிதவைகளில் 0.15 அங்குலச் சுவர், அதாவது ஏறத்தாழ 3.8 மி.மீ., இன்று புதுமை இல்லை.

கூடு ஏன் என்பதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகத்துவாரத்தில் பழைய துறையைப் பிரித்தார்கள். புதிதாக வந்தபோது ஒரே ஆள் தோளில் சுமந்த கட்டையைச் செயின் பிளாக் போட்டு இழுக்க வேண்டியிருந்தது. கரையில் வைத்து அறுத்தோம். அடிப்பாகம் முழுக்க விரல் நுனி நுழையும் வளைகள். ஒன்றைப் பிளந்தால் ஸ்பேரோமா என்ற சிறு ஓட்டுடலி சுருண்டு கிடந்தது. அது நுரையைத் தின்பதில்லை, குடியிருக்கத் துளைக்கிறது. துளைத்த துகளெல்லாம் நீருக்குத்தான் போகும். அறுத்த இடத்திலிருந்து கடுகளவு மணிகள் காற்றில் பறந்து அலையில் விழுந்தன. கையால் அள்ளிப் பார்த்தோம். முடியவில்லை.

அன்று முதல் கூடு வேண்டும் என்று சொல்லிவருகிறேன். அந்தத் துறைக்குப் பதிலாக அறிவித்த டெண்டரில் மிதவைக்கு இருந்தது ஒரே வரி: 'நுரை நிரப்பிய மிதவைகள், தேவையான எண்ணிக்கை.' அடர்த்தி இல்லை, சுவர்க்கனம் இல்லை, நீர் உறிஞ்சும் அளவு இல்லை, உத்தரவாதம் இல்லை. மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போனது. வெறும் கட்டைக்குமேல் தார்ப்பாய் சுற்றிப் போட்டார்கள்.

2019 ஜனவரியில் தமிழ்நாடு தெர்மாகோல் தட்டைத் தடைசெய்தது. 2022 ஜூலையில் மத்திய அரசு அலங்காரத் தெர்மாகோலைத் தடைசெய்தது. இரண்டும் சரியான முடிவுகள். ஆனால் அந்தப் பட்டியல்களில் மிதவைக் கட்டை இல்லை. கல்யாண மண்டபத்தில் தட்டைப் பிடுங்கும் கை, ஆயிரம் தட்டுக்குச் சமமான கட்டையை அரசுப் பணத்திலேயே கடலில் இறக்குகிறது. இதைக் கேட்க ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லையா?

2021 பிப்ரவரியில் மத்தியத் துறைமுக அமைச்சகம் மிதவைக் கட்டமைப்புகளுக்கான வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. தொழில்நுட்ப விவரக்குறிப்பு வகுக்கும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடம் தரப்பட்டது. 24 மாத வேலை 6 முதல் 8 மாதத்தில் முடியும் என்பது மிதவையின் சிறப்புகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. உண்மைதான். ஆனால் வேகமாகக் கட்டுவதை மட்டும் பெருமையாகப் பேசும் அலுவலகங்கள், பத்தாம் ஆண்டில் அந்த மிதவையின் அடிப்பாகம் எப்படியிருக்கும் என்று கேட்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிஓக்யூவை (அளவுப் பட்டியலை) எழுதுவது நம் கையில்தான் இருக்கிறது. நுரையின் அடர்த்தி, கூட்டின் பொருள், சுவர்க்கனம், உத்தரவாத ஆண்டு, பழைய கட்டையைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு ஆகிய ஐந்தும் வரைபடத்திலேயே இருக்கட்டும். இவை இல்லாத வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடலில் விழுந்த மணியை அள்ள முடியாது என்பதை நாங்கள் அன்று கரையில் நின்று பார்த்துவிட்டோம்.