பால் பாக்கெட்டுக்கு இருக்கும் தேதி ஸ்மார்ட் பல்புக்கு ஏன் இல்லை?

ஸ்மார்ட் பல்பு மாட்டிய முதல் வாரம் வீட்டில் எல்லாருக்கும் குஷிதான். படுத்த இடத்திலிருந்தே போனில் லைட் ஆன், ஆஃப். இரண்டாவது வாரம் பாட்டி பழக்கதோஷத்தில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போவார். அவ்வளவுதான், பல்புக்கு கரன்ட் இல்லை; ஆப் எதுக்கும் அசையாது. தப்பு பாட்டி மேல இல்லை. வீட்டில் எல்லாராலும் பயன்படுத்த முடியாத பொருளை ‘ஸ்மார்ட்’ என்று விற்பதில்தான் சிக்கல்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தப் பொருட்கள் பலவற்றின் மூளை நம் வீட்டில் இல்லை. கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. சர்வரை மூடினால்?

நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்ற ‘ரிவால்வ்’ ஹப், அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் சேவையை நிறுத்தியதும் வேலை செய்யாமல் போனது. 2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. பிறகு வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி உயிர் கொடுத்தார்கள். எல்லாப் பொருளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

சரி, என்ன பண்ணலாம்?

வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது: “நெட் இல்லைன்னா இது ஓடுமா?” 2022 அக்டோபரில் வந்த ‘மேட்டர்’ தரம், வெவ்வேறு கம்பெனி பொருட்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ள வழி செய்கிறது. பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். பல்புக்குப் பதில், சுவிட்ச் போர்டுக்குள் பொருத்தும் ஸ்மார்ட் மாட்யூலும் நல்ல வழி. பாட்டிக்கு சுவிட்ச், பேரனுக்கு போன். ஆனால் பல மாட்யூல்களுக்கு நியூட்ரல் வயர் தேவை. போர்டில் அது வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டிய பிறகும் வேலை முடியாது. கேமராவோடு வரும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்ற வேண்டும். 2016-ல் ‘மிராய்’ என்ற தீநிரல், மாற்றப்படாத பாஸ்வேர்டு கொண்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் கூட்டமாகக் கைப்பற்றியது. அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ரவுட்டரை மாற்றினால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். பெரும்பாலான கருவிகள் தானாக இணைந்துவிடும்.

இத்தனையும் வாங்குபவர் தலையில்தான். விற்பவருக்குப் பொறுப்பு வேண்டாமா? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்டு வைத்து விற்க முடியாது. குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதையும் கம்பெனி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இங்கேயும் அது வேண்டும். பெட்டி மேலேயே அச்சடித்து வேண்டும். 30 ரூபாய் பால் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குகிறோம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கதவுப் பூட்டு எத்தனை வருஷம் திறக்கும் என்று தெரிந்துகொள்வது பேராசை இல்லையே?

அதுவரை ஒரு சாதாரண சாவியும் கையில் இருக்கட்டும்.