பேரை விற்றவர்களும் மீட்டவரும்

குடும்பத் தொழில் என்றாலே எங்கள் வங்கி வட்டாரத்தில் ஒரு இளக்காரம் உண்டு. "புரொஃபஷனல் மேனேஜ்மெண்ட் இல்லை சார்" என்று ஒரே வரியில் ஃபைலை மூடிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல இத்தாலி வரை போக வேண்டியிருக்கிறது. என்னடா இவன் ஒயின் பற்றி எழுதுகிறானே என்று பயப்படாதீர்கள். நான் பார்ப்பது பாட்டிலை அல்ல, கணக்கை :)

டஸ்கனியில், சியன்னா நகருக்குப் பக்கத்தில் ப்ரோலியோ கோட்டை. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1141-லிருந்து ரிக்காசோலி குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1861-ல் இத்தாலியின் இரண்டாவது பிரதமரான பெத்தினோ ரிக்காசோலி இந்தக் குடும்பத்துக்காரர்தான். கியாந்தி ஒயினில் எந்தத் திராட்சை எதற்காகச் சேர வேண்டும் என்று 1872-ல் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தவரும் அவரே. மணத்துக்கும் வலுவுக்கும் சாஞ்சியோவேசே, அதன் கடுமையைத் தணிக்க கனாயோலோ, சீக்கிரம் குடிக்கப்போகும் ஒயினுக்கு மட்டும் கொஞ்சம் மால்வாசியா.

இப்படிப்பட்ட பேரை 1970-களில் குடும்பம் சீகிராம் கம்பெனிக்கு விற்றது. பின்னர் அது ஆஸ்திரேலிய ஹார்டிஸ் கைக்குப் போனது. இரண்டுமே பெரிய கம்பெனிகள், மேனேஜ்மெண்டுக்குக் குறைவில்லை. ஆனாலும் ப்ரோலியோவின் மதிப்பு சரிந்தது. 1993-ல் ஃபிரான்செஸ்கோ ரிக்காசோலி அதை மீட்டார். அதுவரை அவர் போட்டோகிராஃபர்! தோட்டங்களில் பழைய கொடிகளை எடுத்துவிட்டுப் படிப்படியாகப் புதிதாக நட்டார். பேரும் திரும்பி வந்தது.

பி.காம்.-ல் படித்தது நினைவிருக்கிறதா? நாமே உண்டாக்கிய குட்வில்லை பேலன்ஸ் ஷீட்டில் காட்டக்கூடாது, காசு கொடுத்து வாங்கியதைத்தான் காட்டலாம். அந்தக் கணக்குப்படி எட்டு நூற்றாண்டுப் பேரின் மதிப்பு பூஜ்யம். விற்கிற அன்றைக்குத்தான் அதற்கு ஒரு விலை வருகிறது. விற்கத் தூண்டுவதும் அந்த விலைதான்.

திராட்சைக் கொடி நட்டு மூன்று வருஷமாவது ஆகும் ஒழுங்கான மகசூலுக்கு. நல்ல ஒயினுக்கு இன்னும் பல வருஷம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபம் காட்ட வேண்டியவர் எதற்குக் கொடியைப் பிடுங்கி நடப்போகிறார்? பலன் அடுத்தவருக்குத்தானே!

இரத்தத்தில் ஏதோ மகிமை இருப்பதாக நான் சொல்லவில்லை. விற்றதும் அதே குடும்பம்தான். நட்டவர் காய்க்கும்போதும் அங்கே இருப்பாரா என்பதுதான் என் கேள்வி. கடன் கொடுக்கும் எங்களுக்கே மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். இன்று நான் கையெழுத்துப் போடும் கடனின் பலனை வேறொருவர் பார்ப்பார்.

நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கு லோன் கேட்டு ஒரு குடும்பம் வந்தால், ஐந்து வருஷ புரொஜெக்‌ஷனைப் புரட்டுவதற்கு முன் "உங்க வீட்டில் அடுத்து யார் தோட்டத்துக்குப் போகிறார்கள்?" என்று கேட்க வேண்டும். அதற்கு நல்ல பதில் வந்தால், அதைவிட நல்ல செக்யூரிட்டி கிடையாது என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?