சிப்பியெல்லாம் முத்தாகுமா?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் சிறந்திருந்த காலத்தில் ஒரு நன்னடைமுறை இருந்தது. முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்பர். ஒரு பாரில் சிப்பிகள் மிகுந்துள்ளன என்று கேள்வியுற்றதும் படகுகள் புறப்பட்டுவிடமாட்டா. முதலில் சிறிதளவு சிப்பிகளை மாதிரியாக எடுத்து வருவர். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிடுவர். அம்மதிப்பு நிறைவளித்த பின்னரே குளிப்புக்குரிய நாள் அறிவிக்கப்படும். இயற்கை முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. எனினும், மதிப்பிட்ட பின்னரே அறிவிக்க வேண்டும் என்னும் அந்த ஒழுங்கு இன்றைய அறிவியலுக்கும் தேவைப்படுகிறது. கோட்பாட்டு இயற்பியலில் மாதிரியைத் திறப்பதற்கு முன்பே படகுகள் புறப்பட்டுவிடுவது உண்டு.

750 என்னும் எண்

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரு ஆய்வுக் குழுக்கள் 2015 டிசம்பர் 15 அன்று தம் புதிய தரவுகளை வெளியிட்டன. புரோட்டான்கள் மோதும்போது தோன்றும் ஒளித்துகள் இணைகள், 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை ஒட்டிய பகுதியில் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுந்திருந்தன. அது புதியதொரு துகளின் அடையாளமாயின், அதன் நிறை புரோட்டானின் நிறையைப்போல ஏறத்தாழ 800 மடங்காக இருந்திருக்கும். ஆய்வுக் குழுவினர் துகளைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கூறவில்லை. மேலும் தரவுகள் வேண்டும் என்றே கூறினர். கோட்பாட்டாளர் பலர் காத்திருக்கவில்லை. சில மாதங்களில், அத்துகளை விளக்க முற்பட்ட கட்டுரைகள் ஏறத்தாழ 500 எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் சிகாகோவில் நடைபெற்ற மாநாட்டுக்கு இரு குழுக்களும் பன்மடங்கு தரவுகளோடு வந்தன. முன்பு தெரிந்த மிகுதி மறைந்துவிட்டிருந்தது. துகள் இல்லை, அதற்கான விளக்கங்கள் மட்டும் எஞ்சின.

இம்மயக்கம் எவ்வாறு நேர்ந்தது? ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் பத்து முறையும் தலையே விழுவது அரிது. அதற்கான வாய்ப்பு 1,024இல் ஒன்று. ஆனால், ஆயிரம் பேர் அவ்வாறு சுண்டினால் அவருள் ஒருவருக்கு அது நேர்வதில் வியப்பில்லை. ஆற்றலின் பல பகுதிகளில் தேடும்போது ஏதேனும் ஓரிடத்தில் தற்செயலான மிகுதி தோன்றுவதும் அத்தகையதே. அதனால்தான் துகள் இயற்பியலாளர், தற்செயலாக நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தால் மட்டுமே ஒன்றைக் ‘கண்டுபிடிப்பு’ என ஏற்கின்றனர். 750 அந்த அளவை எட்டவே இல்லை.

விரைவின் விலை

ஆய்வுக்கருவி அமைக்க ஆண்டுகள் பல ஆகும். கோட்பாட்டுக் கட்டுரைக்குச் சில நாள்களே போதும். முதலில் எழுதியவரைப் பின்னர் எழுதுவோர் அனைவரும் சுட்டுவர். அச்சுட்டல்களின் எண்ணிக்கை பணிக்கும் பதவிக்கும் அளவுகோலாகிவிட்ட காலம் இது. ஈராண்டுப் பணியில் இருக்கும் இளம் ஆய்வாளர், பலர் செல்லும் வழியை விட்டு விலகத் துணிவது எளிதன்று. எனவே, பழியை அவர்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.

ஊகமே கூடாது என்பதும் பொருந்தாது. 1964இல் ஊகிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள், 48 ஆண்டுகளுக்குப் பின் 2012இல் கண்டறியப்பட்டது. அந்த ஊகம் இல்லையெனில் எதைத் தேடுவது என்பதே தெரிந்திராது. சிப்பிகளைத் திறப்பது பிழையன்று. திறக்காத சிப்பியை முத்தென்று விலை கூறுவதே பிழை. ஒரே பாரில் எல்லாப் படகுகளும் குவிய, பிற பார்கள் தேடுவாரின்றிக் கிடப்பது அதனினும் பெரிய இழப்பு.

கூட்டத்தின் மௌனம்

கூட்டத்தின் ஆரவாரம் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும். அதன் மௌனமோ உள்ளதை மறைத்துவிடும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது ஒரு கணக்கீட்டில் ஈடுபட்டார். வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பது அதன் முடிவு. அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று அறியப்படுகிறது. 1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் நடைபெற்ற அரச வானியல் கழகக் கூட்டத்தில், புகழின் உச்சியில் இருந்த எடிங்டன் அம்முடிவை எள்ளி நகையாடினார். சந்திரசேகரின் பக்கமே உண்மை உள்ளது எனத் தனிப்பட உணர்ந்திருந்த முன்னணி இயற்பியலாளரும் அதை வெளிப்படையாகக் கூற முன்வரவில்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தனித்து நின்றதால் சந்திரசேகர் சொன்னது உண்மையாகிவிடவில்லை. கணக்கு சரியாக இருந்ததாலேயே அது நிலைத்தது. தனிக்குரல் எல்லாம் உண்மையல்ல. பலர் கூறுவதெல்லாம் பொய்யும் அல்ல. குரல்களின் எண்ணிக்கை உண்மைக்கு அளவுகோல் ஆவதில்லை என்பதே இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்தும் பாடமாகும்.

‘புதிய துகள்’, ‘இயற்பியலில் புரட்சி’ என்னும் தலைப்புகளோடு செய்திகள் நாள்தோறும் வருகின்றன. தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் பயிலும் மாணவர் ஒருவரும் அவற்றைக் கைப்பேசியில் காண்கிறார். அவர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. எவ்வளவு தரவின்மீது இம்முடிவு எழுந்தது? வேறொரு குழு இதைச் சரிபார்த்ததா? எதைக் கண்டால் இது தவறென ஒப்புக்கொள்வார்கள்? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்வரை ஒரு செய்தியை நம்பாமலும் வெறுக்காமலும் காத்திருக்கப் பழகுவதே அறிவியல் மனப்பான்மை. அவருடைய கடற்கரையில் வாழ்ந்த முன்னோர், சிப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவ்வாறுதான் காத்திருந்தனர்.